முட்டி தேய்ந்த சிங்கம்!

முட்டி தேய்ந்துபோன பெரியவர்கள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை அகட்டி அகட்டி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'அப்பாடா' சொல்லி...

கார்களிலும் அப்படி ஒன்று உண்டு. பின்னால் போய் நின்று பார்த்தால், விரித்து வைத்த ஏணி மாதிரி இருக்கும். இரண்டு சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்பக்கம் வெளியே அகன்று, டயரின் உள்ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்து... பார்க்கவே பாவமாக இருக்கும். பெயர் பெஜோ 205. பிரெஞ்சுக் கார். முன்னால் இரண்டு கதவு, பின்னால் மேல்நோக்கித் திறக்கிற ஒரு கதவு. 'ஹாட்ச்பேக்' என்கிறோமே, அந்த ஜாதி. பெஜோ கம்பெனியின் சின்னம் சிங்கம். அந்தச் சிங்கத்துக்குத்தான் முட்டி தேய்ந்துவிட்டது!

1990-களின் கடைசியில் இங்கிலாந்தில் இந்த மாதிரி முட்டி தேய்ந்த சிங்கங்கள் சில நூறு பவுண்டுக்குக் கிடைத்தன. இருபது வயசுப் பையன்கள் வாங்கினார்கள். ஒர்க்‌ஷாப்பில் விடவில்லை. விடக் காசில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில், சனி ஞாயிறுகளில், ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்பானரும் சுத்தியலுமாகத் தாங்களே பிரித்தார்கள். சரி செய்ததோடு விட்டார்களா? காயலான் கடைக்குப் போய் ஒரு பெரிய காரின் இன்ஜினைக் கழற்றி வந்து, இந்தச் சின்னக் காரின் வயிற்றுக்குள் நுழைத்தார்கள். அதுவும் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தது!

எப்படி உட்கார்ந்தது? அதற்கு அந்தப் பையன்களின் கைத்திறமை மட்டும் காரணமில்லை. அவர்களில் பலர் சின்னக் குழந்தைகளாக இருந்தபோதே, பிரான்ஸில் ஒரு கம்பெனி கடனில் மூழ்கித் தத்தளித்ததுதான் முக்கியக் காரணம். அங்கிருந்து ஆரம்பிப்போம்.

பெஜோ பழைய கம்பெனி. காப்பி அரைக்கிற மிஷின், ரம்பம், சைக்கிள் என்று செய்து, பிறகு காருக்கு வந்த குடும்பம். ரொம்ப ஜாக்கிரதைக்காரர்கள். அப்படிப்பட்டவர்கள் 1970-களில் அடுத்தடுத்து இரண்டு பெரிய வேலைகளில் இறங்கினார்கள். முதலில், திவால் நிலைக்கு வந்திருந்த சித்ரோயன் கம்பெனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி 1976-ல் முழுசாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், 1978-ல் அமெரிக்க கிரைஸ்லரின் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் மொத்தமும் விலைக்கு வந்தன. பிரான்ஸில் சிம்கா, பிரிட்டனில் ரூட்ஸ், ஸ்பெயினில் பாரெய்ரோஸ் என்று மூன்று நாடுகளில் மூன்று சீக்காளிகள். அதையும் வாங்கினார்கள். ஒரு கல்யாணச் செலவே தாங்காத வீட்டில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம்! போதாக்குறைக்கு, 1979-ல் ஈரான் புரட்சி வந்து பெட்ரோல் விலை எகிறியது. வாங்கிய தொழிற்சாலைகளின் கார்களுக்கு 'டால்பட்' என்று பழைய பெயர் ஒன்றைத் தூசி தட்டி ஒட்டினார்கள். ஜனங்கள் சீந்தவில்லை. 1980-களின் ஆரம்பத்தில் வருஷா வருஷம் நஷ்டம்.

காசில்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? அண்ணன் சட்டை தம்பிக்கு. தம்பி சட்டை சித்தப்பா பையனுக்கு.

பெஜோவும் அதைத்தான் செய்தது. ஒவ்வொரு காருக்கும் தனித்தனி இன்ஜின் வடிவமைக்கிற ஆடம்பரம் கூடாது. ஒரே இன்ஜின் குடும்பம்... அதையே கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் சின்னதாக்கி, சித்ரோயனிலும் போடு, பெஜோவிலும் போடு. அந்தக் குடும்பத்துக்கு 'எக்ஸ்யூ' என்று பெயர். 1982-ல் வந்த சித்ரோயன் பிஎக்ஸ் காரில் தலைகாட்டியது. அதன் பிறகு அந்த வீட்டில் அது ஏறி உட்காராத கார் குறைவு. கியர்பாக்ஸும் அப்படித்தான். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற மவுன்ட்டிங், அதைப் பூட்டுகிற போல்ட்டு ஓட்டைகள் உட்படப் பல சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரியே அமைந்தன. ஏழையின் சிக்கனம்! பதினைந்து வருஷம் கழித்து யாரோ ஒரு பையன் ஷெட்டில் உட்கார்ந்து இதைப் பயன்படுத்திக்கொள்வான் என்று அப்போது யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

இந்த நெருக்கடியில்தான் 1983-ல் 205 பிறந்தது. இத்தாலியின் பெரிய டிசைன் வீடான பினின்ஃபரினாதான் பெஜோவுக்கு வழக்கமாகக் கார்களை வரைந்து கொடுக்கும். இந்த முறை கம்பெனிக்குள்ளேயே இருந்த ஜெரார்ட் வெல்டரின் குழு வெளித்தோற்றத்தை வரைந்தது. உள்பக்கம் பால் பிராக். சும்மா சொல்லக் கூடாது, நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தாலும் ஒரு கோட்டைக்கூட மாற்றத் தோன்றவில்லை. உள்ளே இருந்த பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கடகடவென்று ஆடும்.

கார் பிய்த்துக்கொண்டு போனது. 1998 வரை உற்பத்தி. மொத்தம் ஐம்பது லட்சத்துக்கு மேல்! கம்பெனியைக் கரையேற்றியது இந்தச் சின்னக் கார்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மிகையில்லை.

கூடவே ஒரு விளம்பரமும் நடந்தது. ஜான் டோட் என்ற குள்ளமான, கறாரான மனிதரிடம் (ஆமாம், பின்னாளில் ஃபெராரியில் மைக்கேல் ஷூமாக்கரோடு கலக்கியவரேதான்) பெஜோ தன் பந்தயப் பிரிவை ஒப்படைத்தது. அவர் '205 டர்போ 16' என்று ஒரு ராட்சசனைக் கட்டினார். பார்க்க 205 மாதிரி இருக்கும். ஆனால், இன்ஜின் டிரைவருக்குப் பின்னால்! நான்கு சக்கரத்துக்கும் சக்தி. அது 1985, 1986 இரண்டு வருஷமும் உலக ராலி சாம்பியன். அந்த வகைக் கார்கள் ஓட்டுநர்களையும் பார்வையாளர்களையும் பலி வாங்கியதால், 1986-க்குப் பிறகு அந்தப் பிரிவையே தடை செய்துவிட்டார்கள். ஆனால் டி.வி-யில் அது புழுதி பறக்கப் பறந்ததைப் பார்த்த பையன் கடைக்குப் போய்க் கேட்டது என்ன? "அந்தக் கார் கொடுங்க!"

கடையில் இருந்தது 205 ஜிடிஐ. 1984-ல் வந்தது. 1.6 லிட்டர், 105 குதிரைசக்தி. பிறகு 1.9 லிட்டரில் 130 குதிரைசக்தி. காரின் எடை ஏறத்தாழ 880 கிலோதான். நம்ம மாருதி 800 சுமார் 650 கிலோ எடையை 37 குதிரைகளை வைத்து இழுத்தது என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால், இது எப்படி ஓடியிருக்கும் என்பது புரியும்.

ஒரு குணம் மட்டும் பொல்லாதது. வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களானால் தொலைந்தீர்கள். எடை முழுக்க முன்பக்கம் போய்விடும். பின்பக்கம் இலேசாகி, ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பி, நாய் வாலை ஆட்டுவது போலப் பின்புறம் சுழன்றுவிடும். தெரிந்தவனுக்கு அது வித்தை. தெரியாதவனுக்கு... இங்கிலாந்துக் கிராமச் சாலைகளின் வேலிச் செடிகளைக் கேளுங்கள்.

1980-களின் முடிவில் இங்கிலாந்தில் இந்த வகைக் கார்கள் திருடர்களின் செல்லப்பிள்ளை ஆகின. விற்பதற்காகத் திருடவில்லை, ஓட்டிப் பார்க்கத் திருடினார்கள்! ராத்திரியில் குடியிருப்புத் தெருக்களில் வட்டமடித்துச் சாகசம் காட்டுவது, கூட்டம் கைதட்டுவது, பிறகு காரைக் கொளுத்திவிடுவது. 1991-ல் ஆக்ஸ்ஃபோர்டின் பிளாக்பேர்ட் லேஸ் பகுதியில் போலீஸ் இதைத் தடுக்கப் போய்க் கலவரமே வெடித்தது. 1992-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றின. காரின் விலையைவிட இன்ஷூரன்ஸ் பயமுறுத்தியது. வாங்க ஆளில்லை. விலை சரிந்தது. சரிந்து சரிந்து... கடைசியில் முட்டி தேய்ந்த சிங்கங்கள் சில நூறு பவுண்டுக்கு வந்து நின்ற கதை இதுதான்.

கார் கிடைத்துவிட்டது. பிரிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இங்கே ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். நமக்குப் பக்கத்து மண்ணில் பிறந்தவர். ஜான் ஹெய்ன்ஸ். 1938-ல் இலங்கையில் பிறந்தார். அப்பா அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேனேஜர். பன்னிரண்டு வயசில் இங்கிலாந்துக்கு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு ரக்பி பிடிக்கவில்லை. 'விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து கார் ஒன்றைப் பிரித்துக்கொள்கிறேனே' என்று அனுமதி வாங்கி, பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினான். மாற்றிய விதத்தைப் படம் போட்டு 1956-ல் தானே ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டான். 250 பிரதிகள் பத்தே நாளில் காலி!

பிறகு விமானப்படை வேலை. ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் காரைப் பிரித்துக் கட்ட உதவினார். கம்பெனியின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், அது ஏற்கெனவே எல்லாம் தெரிந்த மெக்கானிக்குக்காக எழுதப்பட்டிருந்தது. சாதாரண மனிதனுக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஹெய்ன்ஸ் என்ன செய்தார்? ஒரு கேமராவை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றக் கழற்றப் படம் பிடித்தார். 1966-ல் முதல் 'ஹெய்ன்ஸ் மேனுவல்' வந்தது. அதன் பிறகு கார் மாடலுக்கு ஒரு புத்தகம். ஒரு முழுக் காரை நிஜமாகவே வாங்கி, பிரித்து, மறுபடி பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள். உலகம் முழுக்க இருபது கோடிக்கும் மேல் விற்றிருக்கின்றன. 205-க்கும் ஒன்று உண்டு. கிரீஸ் கறை படியாத பிரதி எங்காவது இருந்தால், அதன் சொந்தக்காரர் காரைத் தொடவே இல்லை என்று அர்த்தம்! அந்தப் புத்தகங்களில் ஒரு குசும்பு உண்டு. கழற்றுவதைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, மாட்டுவதற்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் நாலு போல்ட்டு மிச்சம் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் கொடுமை தெரியும்.

சரி, அந்த முட்டிக்கு வருவோம். அது ஏன் தேய்ந்தது?

காரின் பின்பக்கம் நிறையச் சாமான் வைக்க இடம் வேண்டும் என்பது பெஜோவின் எண்ணம். வழக்கமான சுருள் ஸ்பிரிங் போட்டால் அது நட்டமாக நின்று டிக்கியின் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் ஸ்பிரிங்கே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பதில் 'டார்ஷன் பார்'. காரின் அடியில் குறுக்கே படுத்திருக்கிற உருக்குக் கம்பி. சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். இறங்கினால் முறுக்கு விடும். துணி பிழிகிற மாதிரி. ஷாக் அப்சார்பரையும் கிட்டத்தட்டப் படுக்க வைத்துவிட்டார்கள். டிக்கி தரைமட்டத்துக்குப் பரந்து கிடைத்தது. அபாரமான யோசனை!

ஆனால், சக்கரத்தைத் தாங்குகிற கை ஒவ்வொன்றும் குறுக்குக் குழாயின் முனையில் ஊசி பேரிங்கின் மேல் ஆடுகிறது. பேரிங்குக்குக் காவல் ஒரு ரப்பர் சீல். அது வருஷம் பத்தானால் விட்டுப்போகும். மழைத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் கரையும். துருப்பிடித்த ஊசிகள் தண்டைச் சுரண்டித் தின்னும். அப்புறம் சக்கரம் சாயாமல் என்ன செய்யும்?

வீட்டில் இதைச் சரி செய்வது ஒரு போர். ஹெய்ன்ஸ் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் வருகிற வேலை, ஷெட்டில் இரண்டு வார இறுதிகளைத் தின்றுவிடும். அந்த முறுக்குக் கம்பியின் இரண்டு முனையிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். பல்லோடு பல் இறுகித் துருப்பிடித்துப்போய், வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கம்பியின் நுனியில் திருகு ஓட்டை ஒன்று உண்டு. அதில் ஒரு நீளத் தடியைத் திருகி, அந்தத் தடியில் கனமான இரும்புக் குண்டு ஒன்றைச் சறுக்கி வெளிப்பக்கமாக 'டங் டங்' என்று மோதவிட வேண்டும். நூறு தடவை மோதினால் ஒரு நூல் நகரும். சில சமயம் நகராது. கேஸ் விளக்கால் சூடு பண்ணி, மறுபடி மோதி... பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமைசாலிகளாக இருந்தாக வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று உளியால் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் காரின் உயரம் மாறிவிடும். இதிலேயே பையன்கள் ஒரு லாபத்தையும் கண்டார்கள். மற்ற கார்களைத் தாழ்த்த வேண்டுமென்றால் காசு கொடுத்துக் குட்டை ஸ்பிரிங் வாங்க வேண்டும். 205-ன் பின்பக்கத்துக்குப் பைசா செலவில்லை. வேண்டுமென்றே சில பல் தள்ளி மாட்டினால் கார் தானாகத் தரையோடு தரையாகப் படியும்! என்ன உயரம் வேண்டுமோ அதற்கேற்ற நீளத்தில் ஒரு இரும்புப் பட்டையை வெட்டி, ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, பல் பொருந்துகிற இடத்தைத் தேடுவார்கள். கணக்கு வாத்தியார் சொல்லித் தராத வடிவகணிதம்.

இன்னொரு உபாயம் 309. பெஜோ 309 என்பது 205-க்கு ஒன்றுவிட்ட அண்ணன். அசலில் டால்பட் பெயரில் வர இருந்த கார். கடைசி நேரத்தில் பெஜோ என்று பெயர் மாற்றினார்கள். சிக்கனம்தான் தெரியுமே... நாலு கதவையும் 205-லிருந்து அப்படியே எடுத்து மாட்டியிருப்பார்கள். இந்த 309 நமக்கும் தெரிந்த கார்தான். 1990-களின் நடுவில் பத்மினி காரைச் செய்துகொண்டிருந்த பிரீமியர் கம்பெனி, மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில் இதைக் கூட்டாகத் தயாரித்தது. சில வருஷங்களிலேயே கடை மூடியாயிற்று. இங்கே நாம் அதை 'ஸ்பேர் கிடைக்காத கார்' என்று ஓரம்கட்டிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் 205 பையன்கள் காயலான் கடைகளில் 309 ஜிடிஐ-யைத் தேடி அலைந்தார்கள். ஏனென்றால், அதன் பின்பக்க அச்சு 205-ன் அடியில் அப்படியே பூட்டும். கொஞ்சம் அகலம் வேறு. சக்கரங்கள் தள்ளி நிற்கும், வளைவில் பிடிப்பு கூடும். வால் ஆட்டம் அடங்கும்.

இனி வயிறு. 1987-ல் பெஜோ 405 வந்தது. குடும்பத்தோடு போகிற பெரிய கார். அதில் 'எம்ஐ16' என்று ஒரு வகை. பதினாறு வால்வு, 160 குதிரைசக்தி. 205-ல் இருந்த அதே 1905 சி.சி., அதே எக்ஸ்யூ குடும்பம், அதே அலுமினிய உடம்பு. தலைதான் வேறு. 405-ஐ இங்கிலாந்திலேயே, கவன்ட்ரி பக்கம் ரைட்டனில் தயாரித்தார்கள் (1978-ல் கிரைஸ்லரிடமிருந்து வாங்கிய அதே தொழிற்சாலை!). அதனால் பத்து வருஷம் கழித்துக் காயலான் கடைகளில் 405-களுக்குப் பஞ்சமே இல்லை. உடம்பு நசுங்கி, இதயம் நன்றாக இருக்கிற கார்கள். உறுப்பு தானத்துக்குத் தயார்!

செயின் பிளாக்கில் பழைய இன்ஜினைத் தூக்கி இறக்கிவிட்டு, புதியதை உள்ளே விட்டால் கியர்பாக்ஸோடு கை கோத்துக்கொள்ளும். ஆனால், 'போல்ட்டு பொருந்தினால் வேலை முடிந்தது' என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த இன்ஜினுக்கு மூளை தனி. கம்ப்யூட்டர் பெட்டியையும் அதற்கு ஓடுகிற வொயர் கற்றையையும் தானம் செய்த காரிலிருந்து நரம்பு நரம்பாக உரித்து எடுத்து வந்து, 205-ன் வொயர்களோடு ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். இன்ஜின் ஏற்றுவது ஒரு நாள் வேலை என்றால் வொயரிங் ஒரு மாச வேலை.

தலையைத் திறந்தால் இன்னொரு கண்ணி. இந்த அலுமினிய இன்ஜினில் பிஸ்டன் ஓடுகிற லைனர்கள் தனித்தனிக் குழல்களாகச் சும்மா செருகி நிற்பவை. சுற்றிலும் தண்ணீர். மேலே தலை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அசையாது. தலையைக் கழற்றிய பிறகு விவரம் தெரியாமல் இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றினால் லைனர் பிஸ்டனோடு மேலே எழும்பிவிடும். அடியில் உள்ள சீல் போச்சு. பிறகு தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகி, ஆயில் டீ கலருக்கு வந்துவிடும். அதனால் தலையைத் தூக்கியதுமே வாஷர் வைத்து போல்ட்டு முடுக்கி லைனர்களை அமுக்கி வைப்பது ஷெட்டின் முதல் பாடம்.

எல்லாம் சரியாக முடித்து, ஆசையாகப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய், நீளமான வளைவில் விரட்டினால்... ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நம் வீட்டு மோட்டார் காற்றை இழுக்குமே, அதே கதை. ஆயில் பம்ப் காற்றைக் குடிக்கும். சில விநாடிகள் போதும், பேரிங் தீய்ந்துவிடும். இதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். ஆயில் தொட்டிக்குள் தகடுகளை வெல்டு வைத்துச் சின்னச் சின்னத் தடுப்பணை!

இது ஏன் பிரான்ஸைவிட இங்கிலாந்தில் இவ்வளவு செழித்தது? சட்டம்தான் வித்தியாசம். பிரான்ஸில் கார் இன்ஜினை வேறு வகைக்கு மாற்றினால், அந்த ஒற்றைக் காருக்காகத் தனியாக அரசாங்க அனுமதி வாங்க வேண்டும். சாமானியன் அந்தப் படிகளை ஏறி இறங்க முடியாது. இங்கிலாந்தில் இன்ஜின் மாறியதைப் பதிவு அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிட்டு, வருஷாந்திரத் தகுதிச் சோதனையில் தேறினால் போதும். பிரெஞ்சு எஞ்சினீயர்கள் பொருந்தும்படி செய்து வைத்ததைப் பிரெஞ்சுக்காரன் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, இங்கிலீஷ்காரன் பொருத்திப் பார்த்தான்.

எல்லோரும் பொறுப்பாகச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1993-ல் ஆரம்பித்த 'மேக்ஸ் பவர்' என்கிற பத்திரிகை சக்கைப்போடு போட்ட காலம். குடம் அளவுக்குப் புகைக்குழாய், டிக்கி நிறைய ஸ்பீக்கர், ஃபைபரில் அகலமான பம்ப்பர் என்று மாட்டி, நல்ல கார்களைக் கோயில் தேர் ஆக்கியவர்களும் உண்டு. இன்ஜினை 160 ஆக்கிவிட்டுப் பழைய பிரேக்கையே வைத்திருந்தவர்களும் உண்டு. அது வீரமில்லை, முட்டாள்தனம். விவரம் தெரிந்தவன் முதலில் பிரேக்கை மாற்றிவிட்டுத்தான் இன்ஜினில் கை வைத்தான்.

பிறகு காலம் மாறியது. 2009-ல் பிரிட்டிஷ் அரசாங்கம், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் 2,000 பவுண்டு தள்ளுபடி என்றது. ஏறக்குறைய நாலு லட்சம் பழைய கார்கள் நசுக்கப்பட்டன. 205-க்குப் பொருந்துகிற சாமான்களைச் சுமந்துகொண்டிருந்த கார்களும் கூடவே போயின. 2016 ஜூலையில் பாரிஸ் நகரம், 1997-க்கு முன் பதிவான கார்கள் வேலை நாட்களில் பகலில் ஊருக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. 205-ன் சொந்த நாட்டுத் தலைநகரம்! 2023 ஆகஸ்ட்டிலிருந்து லண்டன் முழுவதும் பழைய பெட்ரோல் கார்களுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணம். நாற்பது வயசைத் தாண்டி, 'சரித்திர வாகனம்' என்று பதிவாகிவிட்டால் மட்டும் விலக்கு. 1984-ல் வந்த முதல் ஜிடிஐ-களுக்கு 2024-ல்தான் நாற்பது வயசு!

நாற்பது தாண்டிய கார்களுக்கு அங்கே வருஷாந்திரத் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்கு கிடைக்கும். ஒரே நிபந்தனை... அடித்தளம், அச்சு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கையில் காசு புரள்கிற நடுத்தர வயசுக்காரர்கள் இளமைக் காலக் காரைத் தேடி வர, விலையும் ஏறிவிட்டது. டோல்மேன் என்கிற பந்தயக் கார் கம்பெனி 205 ஜிடிஐ-யை மொத்தமாகப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தருகிறது. கட்டணம் 50,000 பவுண்டுக்கு மேல்! சேகரிப்பாளர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் ஒரிஜினலா?"

என்னைக் கேட்டால் இது கொஞ்சம் நன்றிகெட்ட கேள்வி. யாரும் சீந்தாத காலத்தில் துருவைச் சுரண்டி, முட்டிக்கு பேரிங் மாற்றி, நசுக்கும் மிஷினுக்குப் போக இருந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஷெட்டுப் பையன்கள். அவர்கள் இன்ஜினை மாற்றினார்கள் என்பதற்காக அந்தக் கார்கள் இன்று மதிப்புக் குறைந்தவை ஆகிவிடுகின்றன. அவர்கள் அன்று கைவிட்டிருந்தால் 'ஒரிஜினல்' என்று கேட்பதற்கே பல கார்கள் இருந்திருக்காது. ஆனால் சந்தை நம் நியாயத்தைக் கேட்டா நடக்கிறது?

அதனால் இப்போது ஷெட்டுகளில் தலைகீழ் வேலை நடக்கிறது. அன்றைக்குப் பாடுபட்டு நுழைத்த பதினாறு வால்வு இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த பழைய எட்டு வால்வு இன்ஜினைத் துடைத்து மறுபடி ஏற்றுகிறார்கள். பழைய 15 இஞ்ச் சக்கரங்களுக்கு அலைகிறார்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கை தரைவிரிப்பு. ஜிடிஐ-யின் உள்ளே ரத்தச் சிவப்பில் ஒரு கார்ப்பெட் இருக்கும். எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அந்தக் காலத்துப் பையன்கள் முதலில் கிழித்து எறிந்தது அதைத்தான். இன்று கறையில்லாத சிவப்பு கார்ப்பெட் ஒன்று கிடைக்குமா என்று, அதே பையன்கள் தலை நரைத்து, மூக்குக் கண்ணாடியோடு ஸ்பேர் பார்ட்ஸ் சந்தைகளில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.